பூசணிக்காய்க்கு மூன்று கொட்டேஷன்

செப்டம்பர் 4, வியாழன்

இன்று காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, அவருடைய பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெனாசிர், வங்கிக்காரர் ஒருவர் (காபி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்), நான். சுவரில் மருதமலை முருகன். ஆக ஐந்து பேர்.

விஷயம் இதுதான். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஓட்டி நிறுத்த ஒரு பெட்டி உண்டு. அதைத்தான் இருபது வருடமாக இவர் பீளமேட்டில் செய்து விற்கிறார். சிக்னல் செத்துக் கிடக்கும் காட்டிலும் அது வேலை செய்யும். அதே வித்தையை வைத்து ராணுவத்துக்கு ஒரு பெட்டி செய்யலாம் என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் எடுக்கிற படமெல்லாம் தில்லியில் பெரியவர்களிடம் இருக்கிறதாம். மலை மேல் நிற்கிற சிப்பாய் கைக்கு அது வந்து சேருவதில்லையாம். கோயிலில் முன்வரிசைக்காரர்கள் சாமியைப் பார்க்கிறார்கள், பின்னால் நிற்பவன் முன்னால் இருப்பவர்களின் மண்டையைப் பார்க்கிறான், அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

இந்த ஆராய்ச்சிக்குத் தில்லியில் ஒரு திட்டம் பணம் தருகிறது. முதல் தவணை வந்துவிட்டது. அதற்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் இரண்டாம் தவணை. அது வந்தால்தான் பிப்ரவரியில் பனிமலையில் நிஜச் சிப்பாய்கள் கையில் பெட்டியைக் கொடுத்துச் சோதனை. அதைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. இவருக்கு இப்போதே ஐம்பத்தெட்டு.

"கணக்கு எழுத ஒரு ஆளைப் போடுங்கள்" என்றார் வங்கிக்காரர்.

"அம்மிணி எழுதட்டுங். என்ற ஊட்டுப் பால் கணக்குல ஒரு டம்ளர் தப்புனது கெடையாது" என்றார் இவர்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மீதியெல்லாம் பேப்பர் படித்தும் யூடியூப் பார்த்தும் வந்தது. சரி என்றேன். எல்லாரும் போனபிறகு விளக்கேற்றி, இந்தக் கணக்கில் ஒரு பொய் எழுதமாட்டேன் என்று முருகனிடம் சொல்லிவைத்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6

திட்டத்தின் விதிப்புத்தகம் எண்பத்து நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அகராதி வைத்துக்கொண்டு, காலை பூஜை முடிந்ததும் தினம் நான்கு பக்கம். வீட்டில் வேறு யாரும் அதைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 27

மூன்று நாளாக மாடியில் சண்டை. ஒரு மலையின் படம் அந்த மெலிந்த சிக்னலில் இறங்க நாற்பது நிமிடம் ஆகிறது. படத்தைச் சுருக்கு என்கிறார் இவர். சுருக்கினால் பாறைக்கும் பன்றிக்கும் வித்தியாசம் தெரியாது சார் என்கிறாள் பெனாசிர். நான் வடை கொண்டுபோனேன்.

"மலை பூராத்தையும் எதுக்குங்க அனுப்பறீங்க?" என்று கேட்டேன்.

"பின்னே?"

"ரேசன் கடையில குடோனையே தூக்கியா நம்ம பையில கொட்டறாங்க? ரெண்டு கிலோ சக்கரைன்னு நாம கேக்கறோம், அவிங்க அளந்து போடறாங்க. நாளைக்கு எந்த வழியில நடக்கோணுமோ, அந்தப் பையன் அதைக் கேக்கட்டும். அதை மட்டும் குடுங்க."

"இது அப்பிடியில்லை அம்மிணி. மேலயிருந்து கீழ அனுப்பற சமாச்சாரம். கீழ இருக்கறவன் கேக்கற பழக்கமே இதுல கெடையாது."

"பழக்கமில்லீன்னா பழக்குங்க."

பெனாசிர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இவரும் சுவரைப் பார்த்தார். சுவரில் முருகனைத் தவிர ஒன்றும் இல்லை. எட்டு வடையில் ஆறு அப்படியே திரும்பி வந்தது. உளுந்து விற்கிற விலையில் இது சரியில்லை.

செப்டம்பர் 30

பெட்டியில் 'கேள்' என்று புதிதாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். என்னிடம் விவரம் ஒன்றும் சொல்லவில்லை. படம் இப்போது இரண்டு நிமிடத்தில் இறங்குகிறதாம். எல்லாம் முருகன் அருள். மருதமலைக்கு ஒரு நடை போகவேண்டும்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். திரையில் மட்டும் வேண்டாம் ஆன்ட்டி என்று பெனாசிர் கெஞ்சியதால் பின்பக்கம் வைத்தேன். சந்தனம் வீட்டுச் செலவு.

அக்டோபர் 28

பெட்டியைச் சோதிக்க ராணுவத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். சுபேதார் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கம். ஆறடி இருப்பார், என்னை அக்கா என்கிறார். மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

இந்தப் பெட்டி நிஜமாகவே அங்கே உபயோகப்படுமா என்று கேட்டேன். எழுதுகிற கணக்கு எதற்கு என்று தெரியவேண்டும் அல்லவா.

"ஒரு சமாச்சாரம் சொல்லுதேன் அக்கா" என்றார். "நாலு வருசத்துக்கு முன்னால. எங்க மலையில ஒரு பாதை இடிஞ்சு கெடந்துச்சு. திங்கக்கெழமையே வானத்துல இருந்து படம் எடுத்தாச்சு. அதுல நல்லாத் தெரியுது, குழி எங்க, சரிவு எங்கன்னு. அந்தப் படம் எங்க கைக்கு வந்தது வியாழக்கெழமை."

"வந்துருச்சுல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"வந்துட்டு சார். நாங்க புதன்கெழமையே அந்தப் பாதையில போயிட்டோம்."

பெனாசிர் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ரெண்டு பயலுவளுக்குக் கால் போச்சு. ஒருத்தன் எங்கூருக்காரன், பக்கத்துத் தெரு. இப்பம் பலசரக்குக் கடை வச்சிருக்கான். அக்கா, கொஞ்சம் சாம்பார் விடுங்க."

விட்டேன். கொஞ்சம் தரையிலும் சிந்திவிட்டது. துடைத்தேன்.

அக்டோபர் 30

ஆனைகட்டிப் பக்கம் மலையில் சோதனை. காலை ஆறு பத்துக்குப் பட்டறை வாசலில் ஜீப்பை நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வெள்ளைப் பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். உள்ளே போட்ட ஐந்து ஒற்றை ரூபாய்க் காசும் குங்குமமும் என்னுடையது. எலுமிச்சை நாலும் நம் வீட்டு மரத்துக் காய். பூசணிக்காய் மட்டும் திட்டப் பணத்தில், தொண்ணூறு ரூபாய். திட்டத்தின் சாமானுக்குத் திட்டம்தான் சுற்றிப்போட வேண்டும் என்பது என் எண்ணம். உடைந்த துண்டுகளைப் பெனாசிர் தானாகவே ஓரமாகக் கூட்டித் தள்ளினாள். பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் நம்மைச் சேரும் ஆன்ட்டி என்றாள். நல்ல பெண்.

பன்னிரண்டு பொட்டலம் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு நானும் போனேன். சுபேதார் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். சிக்னல் போன இடத்தில் பொத்தானை அழுத்தி, வடக்குப் பாதை வேண்டும் என்று கேட்டார். ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் படம் வந்தது. முந்தின நாள் மழையில் ஓடை உடைத்துக்கொண்டு போனது அதில் தெரிந்ததால் வேறு வழியில் இறங்கி வந்தார். வந்ததும் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது.

"இந்தக் 'கேள்' பொத்தான் யாரு யோசனை சார்?" என்று கேட்டார் சுபேதார்.

பெனாசிர் என் பக்கம் கையைக் காட்டினாள். எதற்கென்று புரியவில்லை. தயிர்சாதம் கேட்கிறார்கள் என்று நினைத்து எடுத்துக்கொடுத்தேன்.

நவம்பர் 8

கணக்கு முடித்துத் தில்லிக்கு அனுப்பினோம். பெனாசிர் இங்கிலீஷில் அடித்தாள். பூசணிக்காய் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஆன்ட்டி, இது ஒண்ணை மட்டும் 'இதர செலவு'ன்னு போட்டுடலாமா?"

"அது இதர இல்லை கண்ணு, பூசணிக்காய்."

"எந்தத் தலைப்புல போடறது? உபகரணம், பயணம், ஊதியம், சோதனை, பாதுகாப்பு. அஞ்சுதான் இருக்கு."

பாதுகாப்பு என்றேன். தீயணைக்கும் உருளைக்கும் பட்டறைப் பூட்டுக்கும் கீழே மூன்றாவதாக ஏறியது: வெள்ளைப் பூசணிக்காய், ஒன்று, பெட்டிக்குக் கண் படாமல் இருக்க வாங்கிய அன்றே சுற்றி உடைத்தது, ரூபாய் தொண்ணூறு. மனசுக்கு நிறைவாக இருந்தது. பொய் இல்லாத கணக்கு.

நவம்பர் 26

தில்லியிலிருந்து கடிதம். எட்டாம் தேதி நாங்கள் அனுப்பியதற்கு இன்று பதில், பதினெட்டு நாள். பணம் வருகிறது என்று இவர் புதுச்சட்டையோடு பிரித்தார். பணம் இல்லை. கணக்கு அலுவலர் கேட்டிருக்கிறார்: பாதுகாப்புத் தலைப்பில் வாங்கிய மூன்றாவது பொருளுக்கு மூன்று கொட்டேஷன் ஏன் இணைக்கவில்லை? சந்தையில் அதே தரமுள்ள பொருள் இதைவிடக் குறைவாகக் கிடைக்காது என்பதற்கு ஆதாரம் என்ன?

இவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

நவம்பர் 28

உழவர் சந்தை. முதல் கடை அம்மாவிடம், ஒரு பூசணிக்காய் என்ன விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றேன்.

"எழுதியா? ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"ராணுவத்துக்குங்க" என்றேன்.

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நூறு ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். காயை இலவசமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூடாது, விதி இருக்கிறது என்றேன். இரண்டாவது கடைக்காரர் தொண்ணூற்றைந்து. "போன மாசத் தேதியே வேணும்னாலும் போட்டுத் தாரனுங்" என்றார். வேண்டாம், இன்றைய தேதியே போடுங்கள் என்றேன். மூன்றாவது, வெளியே பெரிய கடை. ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. நூற்று நாற்பது. பில் என்றால் அப்படித்தானாம்.

ஆக நான் வாங்கினதுதான் சகாயம். ஐந்து ரூபாய் லாபம். மூன்றையும் இன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

டிசம்பர் 3

கார்த்திகை தீபம். நாற்பத்தெட்டு விளக்கு. காற்றில் மூன்று அணைந்து போயிற்று, திரும்ப ஏற்றினேன்.

டிசம்பர் 13

இரண்டாவது கடிதம். இதற்குப் பதினைந்து நாள். பெனாசிர் படித்துச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். கொட்டேஷன்கள் ஏற்கப்பட்டன. ஆனால் மேற்படி பொருள் வாங்கிய அன்றே உடைக்கப்பட்டதாகத் தெரிகிறது. யாருடைய அனுமதியின் பேரில் உடைக்கப்பட்டது? உடைந்த பாகங்கள் முறைப்படி அகற்றப்பட்டனவா? எந்த நோக்கத்துக்காக வாங்கப்பட்டதோ அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியதா?

இந்தப் பதில் சரியாக இருந்தால்தான் இரண்டாம் தவணை. பனிமலைச் சோதனைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி பத்து.

"தொண்ணூறு ரூவாய நானே கட்டித் தொலைச்சர்றேன்" என்றார் இவர்.

"முடியாதுங்க. அறுபத்தொண்ணாம் பக்கம். செலவு பண்ணின பணத்தைத் திருப்பிக் கட்டுனா அது தப்பான செலவுன்னு ஆயிரும். அப்புறம் மொத்தக் கணக்கையும் மறுபடி பாப்பாங்க. மூணு மாசம்."

"அப்ப மாத்தி எழுது. பேக்கிங் சாமான்னு போடு. டைப்பிங் தப்புன்னு சொல்லிக்கலாம்."

"பூசணிக்காயில எதைப் பேக் பண்ணுனீங்கன்னு கேட்டா?"

"அம்மிணி, எட்டு வருச உழைப்பு ஒரு காய்ல போகுது."

"நான் முருகன்கிட்டச் சொல்லியிருக்கறனுங்க."

"அப்ப முருகனையே ரெண்டாம் தவணை குடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 14

அவர் சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும். இன்று செலவு இல்லை.

டிசம்பர் 15

இன்றும் சாப்பிடவில்லை. பால் அரை லிட்டர் மிச்சம், உறை ஊற்றினேன். இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 17

நேற்று மார்கழி பிறந்தது. இன்று காலை கோலம் போட்டுவிட்டு, கடிதத்தின் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொண்டு முருகன் முன்னால் உட்கார்ந்தேன். நோக்கம் முழுமையாக நிறைவேறியதா. பதில் எழுத வேண்டுமானால் நோக்கம் என்ன என்று முதலில் எழுத வேண்டும். அங்கேதான் பேனா நின்றது.

அன்றைக்கு நான் ஆறு சுற்று சுற்றினேன். பெட்டிக்கு மூன்று. அது ஜீப்பின் முன்சீட்டில் இருந்தது. அதைத் தாண்டி இவர் நின்றுகொண்டிருந்தார். இவருக்கு மூன்று. கணக்கில் எழுதியதோ பெட்டிக்கு மட்டும். ஆக, பொய் இல்லை என்று நான் மார்தட்டிக்கொண்ட கணக்கில் சரிபாதி பொய்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். பெனாசிரும் இருந்தாள்.

"என்னையுமா சுத்துனே?" என்று கேட்டார்.

"அன்னைக்கு மாத்திரை போடாம ஜீப்புல ஏறப் போனீங்க. கேட்டா, மலையில எதுக்கு பிரசர்னீங்க."

பெனாசிர் கம்ப்யூட்டரில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

"இப்பச் சுத்தமாப் போச்சு" என்றார் இவர், குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "சொந்தச் செலவை அரசாங்கப் பணத்துல பண்ணுனம்னு எழுதோணும்."

"எழுபத்தொன்பதாம் பக்கம்" என்றேன். வீட்டுக்கும் திட்டத்துக்கும் பொதுவாக ஆன செலவைத் தவறுதலாக முழுதும் திட்டத்தில் எழுதியிருந்தால், கணக்கு எழுதியவரே பங்கு பிரித்துக் கையெழுத்திட்டுத் திருத்தலாம். மறு தணிக்கை கிடையாது. வாடகைக்கும் கரண்டுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். பூசணிக்காய்க்குக் கிடையாது என்று எங்கேயும் சொல்லவில்லை.

பெனாசிர் புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "சார், இருக்கு சார். பேக்கிங் சாமான்னு மாத்தியிருந்தா மாட்டியிருப்போம்."

"இந்தப் பொஸ்தகத்த நீ எப்பப் படிச்சே?" என்றார் என்னிடம்.

கீழே வந்து இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவதைக் கேட்காமலேயே வைத்தேன். மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 18

சுபேதார் மாடசாமி போன் செய்தார். பிப்ரவரிச் சோதனைக்கு அவருடைய ஆட்கள் பதினாறு பேருக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டாராம். "பெட்டி வருமா அக்கா? பயலுவோ தினம் கேக்கானுவோ" என்றார். தில்லியைத்தான் கேட்கவேண்டும் தம்பி என்றேன். போனை வைத்ததும் கடிதத்தை எழுதி முடித்தேன். பெனாசிர் இங்கிலீஷில் அடித்தாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று இவரே அவளிடம் சொன்னார். கையெழுத்து நான். நகல் கீழே.

கணக்கு அலுவலர் அவர்களுக்கு,

நாச்சிமுத்து அவர்களின் பட்டறைக் கணக்கு எழுதும் மயிலாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கேள்விகளுக்குப் பதில்.

உடைத்தது என் அனுமதியின் பேரில். உடைக்காத பூசணிக்காய் இந்த வேலைக்கு உதவாது. உடைந்த பாகங்களை எங்கள் பொறியாளர் பெனாசிர் சாலையோரம் கூட்டினார். அன்று மதியத்துக்குள் இரண்டு மாடுகள் முழுவதும் அகற்றிவிட்டன. மாடுகளிடம் சான்றிதழ் வாங்கவில்லை.

நோக்கம் இரண்டு. முதல் கணக்கில் ஒன்றைத்தான் எழுதியிருந்தேன், அது என் தவறு. ஆறு சுற்றில் மூன்று பெட்டிக்கு, மூன்று என் வீட்டுக்காரருக்கு. விதிப்புத்தகம் எழுபத்தொன்பதாம் பக்கத்தின்படி நாற்பத்தைந்து ரூபாய் எங்கள் வீட்டுப் பங்கு, அதைப் பிரித்துத் திருத்திய கணக்கு இத்துடன் இருக்கிறது. பெட்டியைப் பொறுத்தவரை நோக்கம் நிறைவேறியது. சோதனை முழுவதும் ஒரு பழுதும் இல்லை, பதிவேடு இணைத்துள்ளோம். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை நோக்கம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பங்குக்கு நான்தான் தணிக்கை, தங்களுக்குச் சிரமம் இல்லை.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. சுபேதார் மாடசாமியின் ஆட்களுக்கு வேண்டியிருந்த படம் மேலேயிருந்து கீழே வர மூன்று நாள் ஆனது. எங்கள் பெட்டியில் இப்போது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆகிறது. தங்கள் முதல் கடிதத்துக்குப் பதினெட்டு நாள், இரண்டாவதற்குப் பதினைந்து நாள். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி பத்து. மேலே பதினாறு பேர் காத்திருக்கிறார்கள்.

தங்கள் பதிலைச் சீக்கிரம் அனுப்பவும்.